நெடுந்தீவுக் காற்றும் வல்லரசுகளும்

கேள்வி: சோவியத் ஒன்றியம் உடைந்ததற்கும் எங்கள் தீவுப்பகுதிக்கும் என்ன சம்பந்தம்? (வேலணை)

பதில்: 1987 யூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் பாருங்கள். இந்தியாவுக்குக் கேடாகத் திருகோணமலையை எந்த நாட்டுப் படைக்கும் கொடுக்கக் கூடாது, வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் உளவு பார்க்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அன்று சோவியத்தோடு நெருங்கியிருந்த டில்லியின் கவலை அமெரிக்கா. 1991 டிசம்பரில் சோவியத் இல்லாமற்போனது. அடுத்த மே மாதமே இந்திய, அமெரிக்கக் கடற்படைகள் ‘மலபார்’ என்ற முதல் கூட்டுப்பயிற்சியை நடத்திவிட்டன. இன்று டில்லியின் கவலை சீனா. கடல் அதேதான்.

கேள்வி: அந்த உடைவால் எங்கள் கைக்கு வந்தது என்ன? (புங்குடுதீவு)

பதில்: கைக்கு அல்ல, தலைக்கு மேலே வந்தது. 2000ஆம் ஆண்டில் உக்ரைனிடமிருந்து மிக்-27 போர்விமானங்களை இலங்கை வாங்கியது. சோவியத் படைக்கென்று செய்தவை, வன்னி வானத்தில் குண்டு போட்டன. பயணிகள் விமானமும் உடைந்த சோவியத்திலிருந்தே வந்தது. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் விமானம், பெலாரஸ் நிறுவனமொன்றிடம் வாடகைக்கு எடுத்த அன்ரனோவ்-24. மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேரும் போனார்கள். அதன் சிதைவுகளை இரணைதீவுக் கடலில் கண்டெடுக்க 2012 ஆகிவிட்டது. பதினான்கு வருடம் அந்தக் குடும்பங்கள் ஒரு எலும்புத் துண்டுகூட இல்லாமல் திவசம் செய்தன. பனிப்போர் ஒரு குண்டு வெடிக்காமல் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

கேள்வி: எங்களுக்குக் காற்றாலை கட்டித்தர வந்த சீனக் கம்பனி ஏன் திரும்பிப் போனது? (அனலைதீவு)

பதில்: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் சூரிய, காற்று மின்சாரம் அமைக்கும் வேலையை 2021 ஜனவரியில் சீனக் கம்பனிக் கூட்டு ஒன்றுக்கு அமைச்சரவை கொடுத்தது. இந்தியா எதிர்த்தது. ‘மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை’யால் வேலை நிறுத்தப்படுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது, அதே கம்பனி மாலைதீவில் 12 தீவுகளுக்கு ஒப்பந்தம் செய்துவிட்டதையும் சேர்த்துச் சொன்னது. பிறகு கடனுக்குப் பதிலாக நன்கொடை தருவதாக இந்தியா முன்வந்தது. 2022 மார்ச்சில் புரிந்துணர்வு, 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனியோடு ஒப்பந்தம்: 110 இலட்சம் டொலர், 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று. கடன் நன்கொடையானது நல்லது. ஆனால் மூன்று வருடம் போய்விட்டது. அந்த மூன்று வருடமும் மின்சார சபையின் டீசல் இயந்திரமே கதி. டீசலும் கடல் கடந்துதான் வரவேண்டும். 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கேள்வி: ஒரு காற்றாடியால் இந்தியாவுக்கு என்ன ஆபத்து? (நெடுந்தீவு)

பதில்: காற்றாடியால் ஒன்றுமில்லை. உங்கள் தீவிலிருந்து இராமேஸ்வரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அவ்வளவு கிட்டச் சீனர் வந்து வருடக்கணக்காய்த் தங்குவது டில்லிக்குப் பிடிக்கவில்லை. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது நியாயம். நியாயமில்லாதது ஒன்றுண்டு. மூன்று தலைநகரங்கள் பேசி முடிவெடுத்தன, மின்கட்டணம் கட்டுகிற உங்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

கேள்வி: சீனன், இந்தியன், அமெரிக்கன். யாரை நம்பலாம்? (நயினாதீவு)

பதில்: சொன்ன திகதியில் விளக்கை ஏற்றிக் காட்டுகிறவரை.

கேள்வி: எங்கள் கடலுக்கு இன்றைக்கு உண்மையான ஆபத்து எது? (ஊர்காவற்றுறை)

பதில்: தமிழ்நாட்டிலிருந்து இரவில் வரும் றோலர். காலையில் போய்ப் பார்த்தால் வலை அறுந்து மிதப்பு மட்டும் கிடக்கும். கடன்பட்டு வாங்கிய வலை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. கடற்படை பிடிக்கிறது, நீதிமன்றம் விடுகிறது, படகுகள் திரும்ப வருகின்றன. அக்கரையிலிருந்து வந்து அந்த மடியை இழுப்பவரும் நம் மொழி பேசும் கூலித் தொழிலாளிதான். முதலாளி கரையில் இருக்கிறார். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இருபக்க மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு காற்றாலைக்காகத் தூதரகங்களையே ஓடவைத்த அரசுகள், அந்தப் பேச்சை மறுபடி கூட்டட்டும். இந்தமுறை தீவகச் சங்கங்களுக்கும் நாற்காலி போடட்டும்.