ராத்தங்கி

சென்னையில் ஒரு ராத்திரி தங்க எவ்வளவு ஆகும்? வால்டாக்ஸ் ரோடு லாட்ஜ்காரரைக் கேட்டால் ஒரு தொகை சொல்வார். செல்போன் செயலி அதைவிடக் குறைவாக ஒன்றைக் காட்டும். கவுன்டரில் போய் நின்றதும் இரண்டையும்விடக் கூடுதலாக ஒன்றைக் கறந்துவிடுவார்கள். ராத்தங்கியைக் கேட்டால், கால் கிலோ ஜவ்வரிசி வடாம் என்பார். அதையும் பொரித்து வைத்தால் பாதிக்கு மேல் அவரே சாப்பிட்டுவிடுவதால் நிகரச் செலவு இன்னும் குறைவு.

குடும்பத்துக்கு ஒரு ராத்தங்கி உண்டு. இருப்பது வெளியூரில், வேலை எல்லாம் சென்னையில். ஆனால் அடையாறு, அண்ணா நகர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். அங்கே உறவுக்காரர்கள் இல்லாமல் இல்லை, வாட்ச்மேன், ரிஜிஸ்டர், "எந்த ஃப்ளாட்டு, யாரைப் பார்க்கணும்?" எல்லாம் இருக்கிறது. கொரட்டூரிலிருந்து திருநின்றவூர் வரைக்கும், மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரைக்கும்தான் அவருடைய ராஜ்ஜியம். இந்தப் பக்கத்து வீடுகள் சின்னவை, கேட்டுக்குப் பூட்டு கிடையாது, ஹாலில் டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே ஆள் நீளத்துக்கு இடம் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த அன்றே, மற்றவர்கள் பூஜை அறையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ராத்தங்கி அந்த ஆறடியைக் கண்ணால் அளந்துவிட்டிருப்பார்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் சேலத்துச் சித்தப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது சங்கத்திலிருந்து மட்டும்.

சித்தப்பா ஒரு நாள் முன்னால் தகவல் சொல்லமாட்டார். ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் எதிராளிக்குத் திடீரென்று ஊரில் கோயில் கொடை வந்துவிடும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆகவே சாயங்கால ரயிலில் வந்து, அரக்கோணத்தில் இறங்கி, லோக்கல் வண்டிக்கு மாறி, திருவள்ளூர் தாண்டும் வரை வாயே திறக்கமாட்டார். திருநின்றவூர் வந்ததும் போன் வரும்.

"கண்ணு, வீட்டுலதான் இருக்கியா?"

இந்தக் கேள்வியில் தப்பிக்க வழியே இல்லை. ராத்திரி ஒன்பதரைக்கு மனிதன் வேறெங்கே இருப்பான்?

"இருக்கேன் சித்தப்பா. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன். சாப்பாடெல்லாம் ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அம்மிணிகிட்டச் சொல்லு."

கவனியுங்கள், தங்கலாமா என்ற கேள்வி இதில் எங்குமே இல்லை. வருகிறேன் என்ற சொல்கூட இல்லை. சாப்பாடு வேண்டாம் என்று மட்டும் சொல்கிறார். "வண்டி நேமிலிச்சேரி, பட்டாபிராம்னு ஊர்ந்துக்கிட்டு வருது" என்பதை நாமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே என் மனைவி அதற்குள் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருப்பாள். போனில் என் குரல் அரை ஸ்தாயி இறங்கினால் சேலத்து வண்டி என்று அவளுக்குத் தெரியும்.

ஒருத்தர்தான் என்று நம்பிக் கதவைத் திறந்தால், மாடிப்படித் திருப்பத்தில் இன்னொரு உருவம் நிற்கும். தோளில் பை, கையில் பிளாஸ்டிக் ஃபைல், முகத்தில் 'நான் வேண்டாம்னுதான் சொன்னேன்' என்ற பாவனை.

"இவன் நம்ம பக்கத்து வீட்டுப் பையன். ரயில்வே பரீட்சை. காலையில ஏழரைக்கெல்லாம் எஸ்டேட்டுல நிக்கணும்."

இந்த இடத்தில் சித்தப்பா பக்கமும் கொஞ்சம் பேசியாக வேண்டும். ரயில்வே ஆட்சேர்ப்பு வாரியத் தேர்வுக்கு எந்த ஊர் என்பதே பத்து நாளைக்கு முன்புதான் தெரியும். ஹால் டிக்கெட் வருவது நாலு நாளைக்கு முன்னால். எந்த மையம் என்பது அதில்தான் இருக்கும். ஓமலூர்ப் பையனுக்கு அம்பத்தூர் எஸ்டேட் என்று விழுந்தால், காலை ஷிப்டுக்கு அவன் முதல் நாளே வந்துதான் ஆக வேண்டும். வந்து எங்கே படுப்பான்? அன்றைக்கு எஸ்டேட்டைச் சுற்றியுள்ள ரூம்களில் அவனைப் போலவே ஃபைலோடு பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். வேலை கிடைப்பதற்கு முன்பே ஒரு நாள் சம்பளத்தை லாட்ஜில் கட்டச் சொல்கிறது ஊர். ரயில்வே ஓய்வறை இருக்கிறதே என்றால், அதற்கு உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும், சித்தப்பாவின் பரிவாரம் பயணம் செய்வது அன்ரிசர்வ்டில்.

சித்தப்பா லாட்ஜில் தங்க முயன்றதே இல்லை என்று சொன்னால் பாவம். கோயம்பேட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜரோடு அரை மணி நேரம் வாதாடியதை அவரே பெருமையாகச் சொல்வார்.

"நான் தூங்கப் போறது அஞ்சு மணி நேரம். நீங்க எதுக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு வாடகை கேக்கறீங்க? மிச்சம் பத்தொன்பது மணி நேரத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மேனேஜர் ஆதார் கார்டை நீட்டச் சொல்லியிருக்கிறார். நீட்டிய கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தும் விட்டார். அன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் பாய் விரித்தோம். காலையில் காபி குடித்துக்கொண்டே நாட்டு நடப்பை விளக்கினார். "ஆயிரம் ரூபாய்க்குக் கீழ இருக்கற ரூமுக்கு வரியே கிடையாது கண்ணு, ஒரு காலத்துல. 2022 ஜூலையில அதுக்கும் பன்னெண்டு சதம் போட்டான். அப்புறம் 2025 செப்டம்பர்ல அஞ்சுன்னு கொறச்சான். இருந்தாலும் கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?" வரியைக் குறைத்ததைச் சொல்லும்போது குரலில் ஒரு மெல்லிய கவலை தெரிந்தது. லாட்ஜ் மலிந்துவிட்டால் அவர் எந்த முகத்தோடு வருவார்?

அவரிடம் ஒரு பாக்கெட் டைரி உண்டு. அதில் உறவுக்காரர்கள் பெயர்வரிசைப்படி இல்லை, காரியவரிசைப்படி இருப்பார்கள். எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் தேர்வு என்றால் நாங்கள். வேலப்பன்சாவடிப் பல் மருத்துவக் கல்லூரியில் பல் கட்ட வேண்டும் என்றால் கரையான்சாவடி மச்சினன். திருவேற்காடு கருமாரியம்மனுக்கு வேண்டுதல் என்றாலும் அதே மச்சினன்தான். ஆகவே பல்லும் அம்மனும் ஒரே பயணத்தில் முடியும். ஆவடிக்கு ஒரு டாங்க் பாக்டரி ரிட்டையர்டு.

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தத்துவமும் வைத்திருப்பார். கரையான்சாவடி வீட்டில் பாயில் சாய்ந்ததும், "இந்த ரோட்டுல பாரு, வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி. வழிப்போக்கன் படுத்து எந்திரிக்கக் கட்டுனது. இப்ப சாவடின்னு மிச்சம் இருக்கறது சுங்கச்சாவடிதான், அதுல நின்னாலே காசு" என்பார். மச்சினன் ஏசியைப் போடுவதா வேண்டாமா என்று யோசிப்பதை இந்தப் பேச்சு நிறுத்திவிடும். ஆவடியில் வேறு பாட்டு. "1955 ஜனவரியில இங்கதான காங்கிரஸ் மகாசபை கூடுச்சு! சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டது இந்த மண்ணுலதான்." சொல்லிக்கொண்டே வீட்டுக்காரரின் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். நேரு முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தை எழுபது வருஷம் கழித்தும் வரிக்கு வரி அமல்படுத்துகிறவர் அந்த வட்டாரத்தில் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

2019 கோடையில் அவரைத் தடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. எங்கள் போர் காற்றைத்தான் இறைத்தது. என் மனைவி தைரியமாக, "மாமா, குளிக்கக்கூடத் தண்ணியில்ல மாமா, லாரி வந்து எட்டு நாளாச்சு" என்று போனில் சொல்லிவிட்டாள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். எங்கள் அம்பத்தூர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனது. அந்த வாரக் கடைசியிலேயே போன்.

"ஏன் அம்மிணி, காவேரித் தண்ணியே வண்டியேறி வருதாம், நான் வரக்கூடாதா?"

வந்தார். வெறுங்கையோடு அல்ல, அஞ்சு லிட்டர் கேனில் மேட்டூர்த் தண்ணீரோடு. "என் பங்கு" என்று வாசலில் வைத்தார். அதில் பல் விளக்கி, முகம் கழுவி, மிச்சத்தைத் துளசிக்கு ஊற்றினார். அதற்கப்புறம் எந்தப் பஞ்சத்தைச் சொல்லி அவரைத் தடுப்பது?

உண்மையான தடை கீழ்வீட்டில் இருந்தது. ஹவுஸ் ஓனர். வாடகைக்கு வரும்போதே "ஃபேமிலி நாலு பேர்தானே?" என்று இரண்டு முறை கேட்டவர். ராத்திரி கேட்டைச் சாத்த வரும்போது படிக்கட்டில் கிடக்கும் செருப்பை எண்ணுவார். ஜோடி கூடினால் மறுநாள் மோட்டார் பத்து நிமிஷம் முன்னதாக நிற்கும். இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார், நாமே தெரிந்துகொள்ள வேண்டியது. சித்தப்பா முதல் தடவையிலேயே தெரிந்துகொண்டார். அடுத்த முறையிலிருந்து கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றி, ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு படியேறுவார். கூட வரும் பையன்களுக்கும் அதே பயிற்சி. மேலே வந்ததும் அந்தப் பை சோபாவுக்கு அடியில் போகும். எங்கள் சோபாவுக்கு அடியில் ஒன்பதரை மணிக்கு மேல் என்ன இருக்கிறது என்பது ஓனருக்குத் தெரிந்திருந்தால் எங்களை அன்றே காலி செய்யச் சொல்லியிருப்பார்.

அதற்கு அவசியமில்லாமல் போனது. ஒரு விடிகாலையில் பால் வாங்கக் கீழே இறங்கிய சித்தப்பாவை ஓனர் பிடித்துக்கொண்டார். நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓனரின் மாமியார் ஊர் ஆத்தூராம். அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் சித்தப்பா ஆறு வருஷம் இருந்தாராம். மாமனாரின் பயிர்க்கடன் பைல் இவர் கையால் போனதாம். அடுத்த முறை சித்தப்பா வந்தபோது எங்கள் வீட்டுக்குப் போனே வரவில்லை. காலையில் கீழே ஓனர் வீட்டிலிருந்து வடாம் பொரிக்கும் வாசனை வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். என் மனைவிக்கோ கோபம். "நம்ம வீட்ல என்ன குறை வச்சோமாம்?"

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற சட்டத்தை அவர் மீறியதே கிடையாது. இரண்டாம் நாள் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். அடுத்த வாரம் வந்தால் அது புதுக் கணக்கு. போகும்போது பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி, போர்வையை நான்காக மடித்து, தலையணை உறையைக்கூட உதறி மாட்டிவிட்டுத்தான் போவார். அவர் கூட்டி வந்த பையன்களில் ஒருவன் இப்போது சேலம் ஜங்ஷனில் வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு எங்களுக்குப் போன் செய்து, "ஆன்ட்டி, அன்னிக்கு நைட்டு தோசை" என்று ஆரம்பித்து மேலே பேச்சு வராமல் வைத்துவிட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குடும்பமே எதிர்பார்க்காத ஒரு செய்தி வந்தது. தொண்ணூறுகளில் ஏதோ சீட்டுப் பணத்தில் சித்தப்பா வேப்பம்பட்டில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தாராம். முள் மண்டிக் கிடந்த அந்த இடத்தில் வீடு கட்டி முடித்துவிட்டார். ஒரு படுக்கையறை, ஹால், மொட்டை மாடி. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். கிரகப்பிரவேசத்துக்குக் கொரட்டூர், ஆவடி, கரையான்சாவடி என்று அவருடைய டைரி முழுவதும் திரண்டு வந்திருந்தது. இனி சென்னையில் சித்தப்பாவுக்குச் சொந்தக் கூரை. ஹவுஸ் ஓனர்கூட மொய் எழுதினார். அன்றைக்கு எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டோம். டாங்க் பாக்டரிக்காரர் ஹாலின் நீள அகலத்தை நோட்டம் விட்டதையும் பார்த்தேன்.

மறுமாதம் ராத்திரி ஒன்பதரைக்குப் போன்.

"கண்ணு, வீட்டுலதான் இருக்கியா?"

"சித்தப்பா, உங்க வேப்பம்பட்டு வீடு..."

"அதையேன் கேக்கற. பட்டாபிராம்ல டைடல் பார்க் தொறந்தாலும் தொறந்தாங்க, வாடகை ஏறிப்போச்சு. சும்மா பூட்டி வைக்க மனசு வருமா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அங்கதான் வேலை. தங்கமான பசங்க. பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டு விட்டுட்டேன்." வண்டி ஏதோ பாலத்தின் மேல் போகும் சத்தம். "கறாரா ஒரு கண்டிஷன் மட்டும் எழுதி வாங்கிட்டேன் கண்ணு. விருந்தாளி யாரும் ராத்தங்கக் கூடாதுன்னு."