ஈசோப்பு அக்கா

பாளையங்கோட்டைப் பக்கம் எந்த சி.எஸ்.ஐ. சபைக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். பெண்கள் பக்கத்தில் இரண்டாவது பெஞ்சு. மடியில் வேதாகமம், காலடியில் ஒயர்கூடை, கூடை நிறைய பாட்டில்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பதிவேட்டில் தூங்குகிறது. வாலிபர் சங்கத்துப் பையன்கள் வைத்த பெயர்தான் ஊரில் நிலைத்தது: ஈசோப்பு அக்கா. வேதத்தில் தெளித்துச் சுத்திகரிக்கப் பயன்படும் செடி ஈசோப்பு. அக்காவும் போன வீட்டில் எதையாவது தெளிக்காமல் திரும்புவதில்லை.

கழுவுவதையும் தாளிப்பதையும் கடையில் வாங்குவது விசுவாசக் குறைவு என்பது அக்காவின் உபதேசம். “நீதிமொழிகள் முப்பத்தொண்ணுல வர்ற குணசாலியான ஸ்திரீ எல்லாத்தையும் தன் கையாலதானே செஞ்சா? எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனா?”

அக்கா வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார், ஊருக்கு ‘சார்’. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: “அதே அதிகாரம் பதினாலாம் வசனம் பாருளா. தூரத்துலயிருந்து ஆகாரம் வரவழைச்சிருக்கா.”

“அது மளிகைங்க. பினாயில் இல்ல.”

அக்காவின் அடுக்களைக்குள் வேத அறிவு இல்லாதவர் நுழைவது ஆபத்து. எல்லாம் ஒரே மாதிரி பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். எதிலும் பொருளின் பெயர் இருக்காது, வசன எண்தான் ஒட்டியிருக்கும். மத்தேயு 13:31 என்றால் கடுகு. மத்தேயு 23:23 என்றால் சீரகம். மாற்கு 9:50 உப்பு. எரேமியா 2:22 சவுக்காரத்தூள். சங்கீதம் 51:7 பூந்திக்கொட்டைப் பொடி. ஊருக்குப் புதிதாக வந்த மருமகள் ஒருத்தி சங்கீதத்தை ரசப்பொடி என்று நினைத்துப் போட்டுவிட்டாள். ரசம் நுரைத்துப் பொங்கியது. “நல்லா கொதிக்குது அத்தை” என்று சந்தோஷப்பட்டாள். அன்று முதல் அவள் தினம் இரண்டு அதிகாரம் வாசிக்கிறாள். அக்காவைக் கேட்டால் இது எழுப்புதல்.

குழம்புப்பொடி விஷயத்தில் அக்கா பழைய ஏற்பாடு. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் மல்லியும் வத்தலும் விரல்மஞ்சளும் காயும். காக்காய்க்குக் காவலாகச் சாரும் குடையோடு காய்வார். பிறகு மிளகு, சீரகம், வெந்தயம் தனித்தனியாக வறுபட்டு மாவு மில்லுக்கு ஊர்வலம். முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று விசாரிக்காமல் அக்கா தூக்குச்சட்டியைத் தர மாட்டார். கோதுமை என்றால் ஒரு படி அரிசியை ஓடவிட்டு மெஷினைச் சுத்திகரிக்கச் சொல்வார். அரவை முடியும்வரை கண்ணை மூடி ஜெபம். மில்காரர் வேற்று மதத்துக்காரர். ஆனாலும் “ஆமென்” கேட்ட பிறகுதான் சுவிட்சை அணைப்பார்.

சுத்திகரிப்பில் அக்கா புதிய ஏற்பாடு. அங்கே எல்லாம் பயோ என்சைம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை, சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் நொதிக்க வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். அக்கா மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போனபோது, சாரிடம் அந்தப் பொறுப்பைச் சொன்னார். சார் தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி. நாலாம் நாள் விடியற்காலம் கட்டிலடியில் பெரும் சத்தம். தெருவே எழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி கடைசி எக்காளம் என்றே முடிவுகட்டி, முப்பது வருஷமாகப் பேசாமலிருந்த நாத்தனாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார். விஷயம் சாத்துக்குடித் தோல் என்று தெரிந்தபோது வாபஸ் வாங்க வழியில்லை.

சாருக்குச் சகிக்க முடியாதது ஒன்றுதான். சமையல் சோடாவில் காடியை ஊற்றி, பொங்கும் நுரையால் அக்கா சிங்க்கைத் தேய்ப்பது. “ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுப்போட்டு கார்பன் டை ஆக்சைடா பறந்துடுதுளா. மிச்சம் சோடியம் அசிடேட் கலந்த தண்ணி. தனித்தனியா போட்டாலாவது அழுக்குப் போகும். உவர்ல காடியை ஊத்தினா என்ன ஆகும்னு நீதிமொழிகள் இருபத்தஞ்சுலயே இருக்கு. துக்கப்படுறவன்கிட்ட பாட்டுப் பாடுறதுக்கு அதைத்தான் உவமையாச் சொல்லியிருக்கு.”

“நுரை வருதுல்லா?” என்பார் அக்கா. நுரைக்கு எதிராக எந்த வேதியியலும் நின்றதில்லை. பிளீச்சிங் பவுடரில் காடியைக் கலந்தால் குளோரின் வாயு வந்து மூச்சை அடைக்கும் என்று சார் சொன்னதை மட்டும் அக்கா கேட்டுக்கொண்டார். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அது சாருடைய ஒரே வெற்றி.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அக்காவின் குழம்புப்பொடிக்குத்தான் மவுசு. ஒரு கிலோ பொடி ஆட்டுக்கிடா விலையை எட்டிப்பார்க்கும். பணம் மிஷனரி ஊழியத்துக்கு. தினம் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் எடுத்துவைத்த பாட்டிமார் வழி வந்தவர் அக்கா. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதை நேற்று நடந்த கல்யாணம் மாதிரி சொல்வார். சபைக் கமிட்டி ஆறு மாதம் கூடிக் கூடிக் கலைந்தும் தீராத கூரைச் செலவு, அக்காவின் ஊறுகாய்ப் பரணியில் ஒரே பருவத்தில் தீர்ந்த கதையும் உண்டு. கமிட்டி அறிக்கையில் அது ‘பிற வரவு’ என்று வரும்.

பொடியைச் சபை கொண்டாடுகிறது. தரை துடைக்கும் நீரைச் சபை சகித்துக்கொள்கிறது. புளித்த சாத்துக்குடி வாசனை யாருக்கும் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை. அதனால் எல்லா வீட்டிலும் அக்காவின் பாட்டில் முன்னால் நிற்கும். கடையில் வாங்கியது வாளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அக்கா வீடு சந்திக்க வருகிறார் என்றால் தெருமுனையிலிருந்தே தகவல் பறக்கும், வாளிகள் நகரும்.

போன லெந்து காலத்தில் ஐயர் ‘மறைவான பாவங்கள்’ என்று பிரசங்கம் செய்தார். ஒளித்துவைத்ததெல்லாம் ஒருநாள் வெளிப்படும் என்றதும் பெண்கள் பக்கம் அத்தனை தலையும் கவிழ்ந்தது. முதலில் கவிழ்ந்தது ஐயரம்மா தலை. ஆண்கள் பக்கம் சார் மட்டும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா திரும்பிப் பார்த்தார்; சபைக்கே இப்படி ஒரு மனந்திரும்புதலா என்று பூரித்துப்போனார். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, வீட்டுக்கு ரெண்டு பாட்டிலாகக் கொடுத்து அனுப்பினார்.