சுழற்றுபவர்

ஆளைப் பார்த்தால் தெரியாது. தென்கிழக்கு ரயில்வேயில் உத்தியோகம், ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சியில் சொந்த ஃபிளாட், ஞாயிறு காலை தேங்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் பையோடு கிளம்புகிற சாதாரண தமிழ்க் குடும்பஸ்தர். அந்த ஊர் ஏரியில் சீழ்க்கைச் சிறகிகள் வந்து இறங்குகிற டிசம்பரில்தான் சுயரூபம் வெளிப்பட்டது. அவர் வைன் ரசிகராகி இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

டிசம்பருக்குக் காரணம் உண்டு. ரெட் வைனை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டார். அந்த விதியை எழுதியவர்களின் அறை ஐரோப்பாவின் கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி இருக்கும். ஹவுராவின் மே மாத அறையில் வைத்தால் வைன் கஷாயமாகிவிடும். ஆகவே குளிர் வரட்டும் என்று காத்திருந்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது சரிதான் என்று நானே சாட்சி சொல்வேன்.

ஆஃப் ஷாப் என்கிற மதுக்கடையில் கடைக்காரர் கோவா போர்ட் வைனை எடுத்து வைத்ததும் நம்மவருக்கு முகம் சுளித்தது. இனிப்பாம், கத்துக்குட்டிகள் குடிப்பதாம். போன மாதம் வரை உலகத்தில் வைன் என்றால் அவருக்கு அது ஒன்றுதான். கடைசியில் நாசிக் பக்கத்து ஷிராஸ்–காபர்னே கலவை ஒன்று அமைந்தது. ஆயிரம் ரூபாய்க்குள், ஆனால் பெயரில் பிரெஞ்சு வாடை. அந்தக் கணக்குதான் அவருக்குப் பிடித்துப்போனது.

வீட்டில் முதல் இடி. முன்கூட்டியே ஆர்டர் செய்து வாங்கியிருந்த தக்கைத் திருகிக்கு வேலையே இல்லை. பாட்டிலுக்குத் திருகு மூடி. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நல்ல நல்ல வைனுக்கே திருகு மூடி போடுகிறார்கள் என்று மனைவியிடம் விளக்கினார். அவர் கேட்கவே இல்லை. அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து சுழற்றல். கிண்ணத்தைச் சுழற்றினால் காற்று பட்டு மணம் எழும்பும் என்பது உண்மை. ஆனால் இது டபராவில் காபி ஆற்றிப் பழகிய கை. முதல் சுற்றில் வைன் எழும்பி வேட்டியில் உட்கார்ந்தது. இரண்டாம் சுற்றில் மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, "பிளாக்கரண்ட்" என்றார். அந்தப் பழத்தை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஓக் மரத்தையும் அப்படியே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைத் தின்று வளர்ந்த மூக்கு அது. அவர் வாயில் வராத ஒரே சொல் திராட்சை.

இத்தனைக்கும் நாக்கு மட்டம் இல்லை. ஒரு மடக்கு காபியில், சிக்கரி இருபதா முப்பதா என்று சொல்லிவிடுவார். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1984-இல் வைன் மணச் சக்கரம் வரைந்ததே, மிளகு, தேன், புல் என்று அவரவருக்குத் தெரிந்த பொருளின் பெயரால் பேசட்டும் என்றுதான். நம்மவர் அதை மந்திரமாக மனப்பாடம் செய்துவிட்டார்.

"என்னங்க, மிளகு வாசனை வருதே?" என்றார் மனைவி, கிண்ணத்துப் பக்கமாகப் போகும்போது.

"அது உன் ரசம்."

பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'மிளகு' என்று அச்சடித்திருந்தது. ஷிராஸிலும் மிளகிலும் ஒரே மணப்பொருள்தான், ரோட்டண்டோன். 2008-இல் ஆஸ்திரேலியர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அது எட்டாது. அந்த ஐந்தில் ஒருவர் யார் என்பதை மனைவி அன்றிரவே தெரிந்துகொண்டார். நம்மவர் வெட்கப்பட அவசியமில்லை. 2001-இல் வெளியான ஆய்வில், போர்தோவில் வைனையே பாடமாகப் படித்த 54 மாணவர்கள், சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைனை முகர்ந்து சிவப்பு வைனுக்குரிய வர்ணனைகளையே அள்ளி வீசினார்கள்.

அந்நேரம் பக்கத்து ஃபிளாட் வங்காளி அண்ணன், அதாவது தாதா, வீட்டில் செய்த சேனைக்கிழங்குக் கறியோடு வந்தார். சேனையில் சாந்த்ராகாச்சி என்றே ஒரு ரகம் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை. நம்மவர் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். தாதா ஒரு வாய் குடித்து, தொண்டையைத் தடவினார்.

"கலா குட்குட் கொர்ச்சே."

தொண்டை அரிக்கிறதாம். சரியாக வேகாத சேனை தின்றவர் சொல்லும் வாக்கியம் அது. நம்மவருக்கு ரத்தம் கொதித்தது. "அரிப்பில்லை தாதா, டானின்! தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வாய் உலரும். உங்கள் சேனையில் இருப்பது கால்சியம் ஆக்ஸலேட் ஊசி!"

"புளி போட்டால் சரியாகிவிடும்," என்றார் தாதா, பெருந்தன்மையாக. காட்டுச் சேனைக்குப் புலிப் புளி என்று பழமொழியே வைத்திருக்கிற இனம்.

பேச்சை மாற்ற நம்மவர் நோட்டை எடுத்து 87 என்று எழுதினார்.

"எத்தனைக்கு?"

"நூற்றுக்கு. ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர் பிரபலப்படுத்திய முறை. ஐம்பதில் ஆரம்பிக்கும்."

"ஐம்பதிலா? அப்போது ஃபெயிலே கிடையாதா?" தாதாவுக்கு அந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது. மிச்சத்தை ஒரே மடக்கில் இறக்கிவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

நம்மவர் 87-ஐ அடித்து 88 ஆக்கினார்.