ராதாவின் பொம்மைக் காசு

பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ 1961-இல் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் நான் அதை முழுசாகப் பார்த்தேன், அதுவும் புனேயை ஒட்டிய சாங்வியில். முளா ஆற்றுக்கும் பவனா ஆற்றுக்கும் நடுவே அப்போது அது சோளமும் காய்கறியும் விளைந்த கிராமம். கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுக்காரருக்கு தாபோடி அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் வேலை. தீபாவளிக்கு எங்கள் வரிசை வீட்டுத் தமிழ்க் குடும்பங்கள் காசு போட்டு வீடியோ பெட்டி வாடகைக்கு எடுத்தோம். பக்கத்து வீட்டு மராத்தி அக்காவும் வந்து உட்கார்ந்தார். தாயி என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

அரைமணி நேரத்தில் தாயி, “இது ‘ராக்கி’தானே!” என்றார். பீம்சிங்கே 1962-இல் இந்தியில் எடுத்த படம் அது. ‘பாசமலர்’ அண்ணனாக சிவாஜி செய்த வேடத்தை அதில் செய்த அசோக் குமாருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. தங்கையாக வஹீதா ரஹ்மான். அதற்கு மேல் யாரும் அவருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண் பறிபோன அண்ணனும் தங்கை சாவித்திரியும் சேர்ந்து சாகும் இடத்தில் தமிழும் மராத்தியுமாக முற்றமே அழுதது.

அந்த வாரமே பாவுபீஜ், உடன்பிறந்தவனுக்கு ஆரத்தி எடுக்கும் நாள். தாயி தன் தம்பியை மணையில் உட்காரவைத்து, சுற்றிக் கோலம் போட்டு, தட்டில் விளக்கு, குங்குமம், அரிசி, கொட்டைப்பாக்கு, தன் விரலில் இருந்த மோதிரம் எல்லாம் வைத்து ஆரத்தி எடுத்தார். தம்பி தட்டில் பணமும் ஒரு புடவையும் வைத்தார். எனக்கு ஊரிலிருந்து அண்ணன் பொங்கல்படி அனுப்புவார்; மணியார்டர் தாளின் அடியில் இருக்கும் சின்ன இடத்தில் “மஞ்சக்குலை வாங்கிக்கோ” என்று எழுதியிருப்பார். அந்தத் துண்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு 1991-இல் தாயி எங்களை ‘மாஹேர்ச்சி சாடி’ பார்க்க அழைத்துப் போனார். பிறந்த வீட்டுப் புடவையின் கதை. 1993-இல் ‘கிழக்குச் சீமையிலே’ வந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுவரும் காட்சியை நான் அவருக்குச் சொல்லிக் காட்டினேன். இரண்டு மொழியிலும் அண்ணன் கொடுத்தான், தங்கை வாங்கினாள். எங்களுக்கு அது நிறைவாகத்தான் இருந்தது.

இன்றைக்கு சாங்வியில் அந்தச் சோள வயல்கள் இல்லை. தாயியின் அப்பா உழுத நிலத்தில் அடுக்குமாடி நிற்கிறது. கட்டடக்காரர் வருவதற்கு முன்னால் தம்பிகள் அவரைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் ஹக்கசோட் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நம் ஊர் விடுதலைப் பத்திரம்தான். பாவுபீஜ் புடவை இப்போதும் வருகிறது. அந்த அடுக்குமாடியில் வீடு ஒன்றும் வரவில்லை. “கேட்டிருந்தால் பிறந்த வீட்டு வாசலே இருந்திருக்காது” என்கிறார். தாயி இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். இதை நான் எப்படி ஆறப்போடுவது?

சட்டம் எங்கள் இருவரையும் வெகுகாலம் வெளியே நிறுத்தியிருந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவளுக்கு இல்லை. மகாராஷ்டிரம் 1994-இல் அதே சட்டத்தை அதே விலக்கோடு கொண்டுவந்தது. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம்தான் கட்டிக்கொடுத்த பெண்ணையும் சேர்த்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்கு உரிமை பிறப்பிலேயே வருகிறது என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷமே ‘உடன்பிறப்பே’, ‘அண்ணாத்த’ என்று இரண்டு அண்ணன் தங்கைப் படங்கள் வந்தன. இரண்டையும் பார்த்து அழுதேன். தங்கையின் பங்கைப் பேசும் படத்துக்கு இன்னும் காத்திருக்கிறேன்.

என் அண்ணனும் பத்திரத்தோடு கூப்பிட்டார். கையெழுத்து போடமாட்டேன் என்றேன். “பாசமலர் மாதிரி இருந்த பிள்ளைங்க” என்று சொந்தபந்தம் அங்கலாய்த்தது. அந்தப் பேச்சுதான் என்னை மறுபடி படத்தைப் போட்டுப் பார்க்க வைத்தது. வேலை போன அண்ணன் ராஜசேகரன் முதலாளியானது எந்தப் பணத்தில்? தங்கை ராதா பொம்மை செய்து சேர்த்த பணத்தில். படமே அதைச் சொல்கிறது. நாம் அண்ணன் அள்ளிக் கொடுத்ததை மட்டும் மனசில் வைத்துக்கொண்டோம். சொத்துப் பேச்சை எடுக்கும் வேலையை அந்தப் படம் வில்லியான அத்தையிடம் விட்டுவிட்டதால், கேட்கிற பெண்ணெல்லாம் நமக்கு அந்த அத்தையாகத் தெரிகிறாள்.

நான் பீடி சுற்றியவள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் வயசுப் பெண்கள் மடியில் முறத்தோடுதான் வளர்ந்தோம். தகரத் துண்டை அளவு வைத்து இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை நகத்தால் மடித்து, நூல் கட்ட வேண்டும். கடையில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். அந்தக் கூலியில்தான் அண்ணன் பாலிடெக்னிக் படித்தார். ஃபோனில் இதைச் சொன்னேன். சில மாசம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே கூப்பிட்டு, பாகம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பொங்கலுக்கும் படி வந்தது.

சாங்வியிலிருந்தும் பிம்ப்ளே குரவிலிருந்தும் தேகு ரோட்டிலிருந்தும் ஊருக்குப் போகிற தங்கைமாரே, பத்திரத்தைக் கையில் வாங்கி முழுசாகப் படியுங்கள். பூர்வீகமா, அப்பா சம்பாதித்ததா என்று கேளுங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதைக் கிளற முடியாது, அதையும் சரிபாருங்கள். விட்டுக்கொடுப்பதானால் தெரிந்து விட்டுக்கொடுங்கள். தமிழ்நாட்டுச் சொத்துக்கு வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.