பீரோவில் இருக்கும் புத்தி

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்கு ஓர் அருமையான உரிமை தந்திருக்கிறது. புத்தி தெளிவாக இருக்கும்போதே, நாளை அது கலங்கினால் எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் பேசுபவர் யார் என்று எழுதி வைக்கலாம். பெயர், முன்கூட்டிய அறிவுறுத்தல். மேஜரானால் போதும். முன்பு மனநோய் இருந்ததா இல்லையா என்பது கணக்கில்லை.

நல்ல சட்டம்தான், கேலி செய்யவில்லை. ஆனால் அந்தக் காகிதம் தக்க நேரத்தில் மருத்துவர் கைக்குக் கிடைக்கச் செய்வது எழுதியவரின் கடமையாம். அவர் நியமித்த பிரதிநிதிக்கும் அதே கடமை. நகல் தரப்படாவிட்டால், அதன்படி நடக்காததற்கு மருத்துவர் பொறுப்பல்ல. அதாவது, புத்தி கலங்கிய அன்று, பீரோ சாவி எங்கே என்பது மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்க வேண்டும். அவசர சிகிச்சை என்றால் காகிதமே செல்லாது என்பது தனிக் கதை.

பிரதிநிதியாக இருக்கச் சொல்லி மச்சானிடம் கேட்டேன். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, சொத்து ஏதும் என் பேர்ல எழுதறீங்களா?"

"இல்லை மச்சான், பைத்தியம் பிடிச்சா என்ன செய்யணும்னு எழுதறேன்."

அவர் உள்ளே இருந்த தன் அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, இவருக்கு ஆரம்பிச்சிடுச்சு போல."

படிவம் இப்போது எல்.ஐ.சி. பாண்டுக்கும் கேஸ் புத்தகத்துக்கும் நடுவே, சாட்சிக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.