டிக்கெட் எடுத்து ஒரு வெயில்

அக்கினி நட்சத்திரம், அதிலும் ஞாயிற்றுக்கிழமை. மனைவியோடு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போனேன். மொட்டை மாடியில் சும்மா கிடைக்கிற வெயிலை அங்கே டிக்கெட் போட்டு விற்கிறார்கள். வாசலில் பையைத் துழாவிய செக்யூரிட்டி, எலுமிச்சை சாத டப்பாவை வெடிகுண்டு மாதிரி இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார். "சாப்பாடு உள்ளயே கிடைக்கும் சார்." கிடைத்தது. விலையைப் பார்த்ததும் பசி போய்விட்டது.

ரோலர் கோஸ்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசை, இரண்டு நிமிடம் சவாரி. அதிலும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அலைக்குளத்தில் தண்ணீரைவிடத் தலைகள் அதிகம்.

"அப்பவே சொன்னேன், எங்க அம்மா வீட்டுக்குப் போலாம்னு" என்றாள். அங்கே ஏ.சி. இருக்கிறது, வாஸ்தவம்தான். மாமனாரும் இருக்கிறாரே!

எனக்கு ஒரே ஆறுதல் டிஸ்னிலேண்ட். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் அதைத் திறந்தபோது வெயில் சுமார் 38 டிகிரி. புதுத் தார் இளகி, பெண்களின் ஹை ஹீல்ஸ் அதில் புதைந்ததாம். பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீருக்கும் திண்டாட்டம்.

இதை மனைவியிடம் சொன்னேன். ஆட்டோ வரும்வரை அவள் பேசவில்லை.

எலுமிச்சை சாதம் ஊசிப்போயிருந்தது.