டிரஸ்ட் சார்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தொண்டு நிறுவனம் நடத்துகிறவருக்கு ஊர் கொடுத்திருக்கும் பெயர் ‘டிரஸ்ட் சார்’. அவருடைய அமைப்பு சட்டப்படி டிரஸ்ட்டே அல்ல, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம் என்றாலும் பெயர் மாறாது. ‘சங்கத்து சார்’ என்றால் பால் சங்கமா, சாதிச் சங்கமா, ரசிகர் சங்கமா என்று அடுத்த கேள்வி வரும். டிரஸ்ட் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பெண்ணாக இருந்தால் ‘டிரஸ்ட் மேடம்’. இருவருக்கும் பொதுவான அடையாளங்கள்: கழுத்தில் தொங்கும் அட்டை, பெட்ரோல் கணக்கு நோட்டை சீட்டுக்கு அடியில் சுமக்கும் டூவீலர், எப்போதோ ஒரு பயிலரங்கில் கொடுத்த துணிப்பை. பையில் அச்சடித்த ‘நிலைத்த வளர்ச்சி’யில் வளர்ச்சி துவைத்துத் துவைத்துப் போயிருக்கும்; ‘நிலைத்த’ மட்டும் நிலைத்திருக்கும்.

இவருடைய பொறுமைக்கு முதல் சோதனை வைத்தது மாவட்டப் பிரிவினை. 1990-களின் தொடக்கத்தில் செந்துறையில் பதிவான ஓர் அமைப்பு பிறந்தது திருச்சி மாவட்டத்தில். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது, லெட்டர்பேடு மாறியது. 2001 ஜனவரி 1-இல் அரியலூர் பிரிந்தது, மறுபடியும் லெட்டர்பேடு. 2002 மார்ச் 31-இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் திரும்பப் பிரித்தார்கள். ஓட்டு வீட்டு அலுவலகம் ஓரடிகூட நகரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் அதற்கு ஐந்து முகவரி. விவரம் தெரிந்த சார்கள் 2002-இல் அரியலூர் ரப்பர் ஸ்டாம்பைத் தூக்கி எறியாமல் மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தார்கள். ஐந்தாண்டு கழித்து அது கைகொடுத்தது.

பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செயலாளர் சார், பொருளாளர் சாரின் மனைவி, மீதி நால்வரில் இருவராவது மச்சான் முறை. ஆண்டுப் பொதுக்குழு, உறவெல்லாம் கூடுகிற ஒரு காதுகுத்து நாளில், பந்திக்கும் தாம்பூலத்துக்கும் நடுவே நடந்து முடியும். தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும்போது பொருளாளர் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பார். வெளியூர்க்காரர்கள் இதைக் குடும்ப ஆட்சி என்பார்கள். முதல் இரண்டு ஆண்டு அலுவலக வாடகை பொருளாளரின் சங்கிலி அடகிலிருந்து போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் கிடைப்பது கஷ்டம்.

அரியலூர் நிலவியல் மாணவர்கள் பஸ் பிடித்து வந்து பார்க்கிற ஊர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த இடம் என்பதால் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கில் எந்தக் கிளிஞ்சல் என்று பார்த்துக் காலம் சொல்லிவிடுவார்கள். டிரஸ்ட் சாரின் அலுவலகத்திலும் அப்படி ஒரு மூலை உண்டு: பழைய பேனர்களைச் சுருட்டிப் போட்ட மூலை. அடியில், துணியில் பெயின்டால் எழுதிய அறிவொளி. அதன்மேல் மகளிர் சுயஉதவிக் குழு, அதன்மேல் எய்ட்ஸ் விழிப்புணர்வு. சுனாமியிலிருந்து ஃப்ளெக்ஸ் தொடங்குகிறது. பிறகு தனிநபர் கழிப்பறை. உச்சியில், மை வாடை போகாத பருவநிலை மாற்றம். மனிதர் ஒருவர்தான், ஊர்களும் அவையேதான். நிதி கொடுக்கிறவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை கவலை மாறுகிறது. மூலையில் ஒரு படிவு கூடுகிறது.

இவற்றில் வளமான அடுக்கு சுயஉதவிக் குழுக் காலம். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் தொடங்கிய முயற்சி, 1990-களின் இறுதியில் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. குழுவுக்கு 12 முதல் 20 பெண்கள். குழு அமைத்துக் கொடுக்கும் வேலை தொண்டு நிறுவனங்களுக்கு. முல்லை, மல்லிகை, ரோஜா, தாமரை என்று பெயர் வைத்துக்கொண்டே போனதில் ஒரு கட்டத்தில் பூ தீர்ந்துவிட்டது. அடுத்து அம்மன்களுக்குத் தாவினார்கள். சிறுவாச்சூர் மதுரகாளி பெயரில் ஒரே வங்கிக் கிளையில் மூன்று குழு இருந்தால், ஒரு காளி கட்டிய தவணை இன்னொரு காளியின் கணக்கில் ஏறும். அதைச் சரிசெய்யப் போகிறவர் சார்.

ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் உலகெங்கும் பரப்பிய மக்கள் பங்கேற்பு மதிப்பீடும் இந்த அடுக்கைச் சேர்ந்ததுதான். ஊர்க்காரர்களே தங்கள் ஊரைத் தரையில் வரைந்து, தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே வரிசைப்படுத்த வேண்டும். நல்ல முறை. கோலப்பொடி வாங்கிக்கொண்டு போனால் போதும், கோடு இழுக்க எந்தப் பெண்ணுக்கும் பயிற்சி வேண்டாம். ஏரிக்கு நீலம், வயலுக்குப் பச்சை, தெருவுக்குச் செங்கல்தூள். பிரச்சினைக்கு மதிப்பெண் போட விதை வேண்டும். பெரம்பலூர் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம், ஆகவே மக்காச்சோளம். குடிநீருக்கு 18 மணி, சாராயத்துக்கு 14, சாலைக்கு 9 என்று பெண்கள் குவித்து வைப்பார்கள். சார் கேமராவில் ஃபிலிமைச் சரிசெய்து நிமிர்வதற்குள் ஒரு கோழி வந்து குடிநீர்ப் பிரச்சினையைக் கொத்தித் தின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயா, “அதுக்கும் தாகந்தான் சார்” என்பார். அறிக்கையில் அந்த ஊரின் முதன்மைப் பிரச்சினை மது.

சுனாமி அடுக்கு மெல்லியது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கரையை அலை வாரிக்கொண்டு போனபோது, ஒரு முழம் கடற்கரையும் இல்லாத பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து சார்கள் அரிசியும் போர்வையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அப்போது எந்தத் திட்டமும் கிடையாது. நிதி பின்னால் வந்தது. வந்ததும் எல்லோரும் படகு வாங்கிக் கொடுத்ததில் கரையோரம் படகு தேவைக்கு மேல் போனது. ஏரியில் பரிசல்கூட ஏறிப் பழகாதவர்கள் ஃபைபர் படகுக்கு மூன்று கொட்டேஷன் வாங்கிய காலம் அது.

கழிப்பறை விஷயத்தில் பக்கத்துத் திருச்சியிலேயே பெரிய ஆட்கள் உண்டு. ஸ்கோப் அமைப்பின் சுப்புராமன் 2021-இலும், கிராமாலயாவின் தாமோதரன் 2022-இலும் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஸ்கோப் முசிறியில் அமைத்த கழிப்பறையில் போனவர் காசு கொடுக்க வேண்டாம், போனவருக்குக் காசு. மலமும் சிறுநீரும் தனித்தனியே பிரிந்து உரமாகும் என்பதால் நியாயமான வியாபாரம்தான். பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருந்து வேப்பூர் பக்கத்துக் கிராமசபை ஒன்றில் சார் இதை விளக்கினால், வருகிற சந்தேகம் தொழில்நுட்பம் பற்றியதாக இருக்காது. “ஒரு நாளைக்கு எத்தன தடவ சார் போலாம்?” பின்னால் தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்தோடு வீட்டு வீட்டுக்குக் கழிப்பறை எழுந்தபோது, அவற்றில் சில விதை வெங்காயம் வைக்க வாகாக அமைந்தன. காற்றோட்டம் வேண்டும் என்று ஜன்னல் வைக்கச் சொன்னவரும் சார்தான்.

பணம் வரும் வழி தனி அத்தியாயம். வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். 2020-இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தது. அந்தப் பணம் வந்து இறங்கும் கணக்கு டெல்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றது. சென்னைக்கே எண்ணி ஆறு தடவை போன ஆண்டிமடத்து சாருக்கு இப்போது தலைநகரில் கணக்கு. ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை வந்தது. பெரிய அமைப்புகளின் கிளை வாய்க்காலில் பாசனம் செய்துவந்த சின்னச் சங்கங்களுக்கு மடை அடைபட்டது இந்த இடத்தில்தான்.

ஊற்று வேறு பக்கம் திறந்திருந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை. அரியலூரோ சிமென்ட் ஆலைகளின் ஊர். ஜெர்மனிக்கு நாற்பது பக்கம் எழுதிய கை இப்போது ஆலை அதிகாரிக்குப் பத்து ஸ்லைடு தயாரிக்கிறது. சொற்களும் இடம் மாறின: ‘உரிமை’ இருந்த இடத்தில் ‘திறன் மேம்பாடு’, ‘ஆர்ப்பாட்டம்’ இருந்த இடத்தில் ‘கண் சிகிச்சை முகாம்’. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோரம் மரம் நடுவது இதில் பிரசித்தம். ஒரே வாரத்தில் கன்றுகள் வெள்ளை பூசிக்கொள்ளும், எண்ணுவதற்குச் சுலபம். ஆட்டுக்குத் தப்பிய மரம் என்று இந்த வட்டாரத்தில் சத்தியம் செய்து சொல்லத்தக்கது சாத்தனூர் கல்மரம் ஒன்றுதான்: 18 மீட்டர் நீளம், ஏறக்குறைய 12 கோடி வயது, சுற்றிலும் வேலி.

நாள்காட்டியில் மற்றவர்கள் முகூர்த்தம் பார்ப்பார்கள், இவர் உலக தினம் பார்ப்பார். பிப்ரவரி 2 ஈரநிலம். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து இதற்கு மவுசு. மார்ச் 22 தண்ணீர், ஜூன் 5 சுற்றுச்சூழல், நவம்பர் 19 கழிப்பறை. இவற்றுக்கெல்லாம் ராஜா அக்டோபர் 15. உலகக் கைகழுவும் நாள், பன்னாட்டு ஊரகப் பெண்கள் நாள், அப்துல் கலாம் பிறந்த நாள் மூன்றும் அன்றைக்குத்தான். கலாம் பேரில் கன்று நடுவார்கள், கை சேறாகும், கழுவுவார்கள், கழுவுகிறவர்கள் ஊரகப் பெண்கள். ஒரு சாமியானா, ஒரு பெட்டி பிஸ்கட், மூன்று அறிக்கை. படத்தின் அடியில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் தானாக விழும் செயலியைப் பலரும் கேட்கத் தொடங்கிவிட்டதால், பேனர் மாற்றும்போது நடுவில் அரை மணி நேரம் விடுவது மட்டும் புதிய பழக்கம்.

காலாண்டு அறிக்கைப் படிவத்தில் இலக்கு, அடைந்தது, குறைவு, காரணம் என்று அகலமான கட்டங்கள் உண்டு. கடைக்கோடியில் அரை அங்குலத்துக்கு ‘இதர’. சாரின் நேரம் பெரும்பாலும் போவது அந்த அரை அங்குலத்தில். ஆதாரில் செல்லம்மாள், ரேஷன் கார்டில் செல்லம்மா. ஒரு ‘ள்’ குறைந்ததால் விதவை ஓய்வூதியம் நின்றிருக்கும். அந்த ‘ள்’ளுக்காக ஆலத்தூர் தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார். இரவு பதினொரு மணிக்கு போன் வரும்: பதினாறு வயசுப் பெண்ணுக்கு விடிந்தால் தாலி. 1098-க்குச் சொல்லி, சமூகநல அலுவலரை எழுப்பி, ஜெயங்கொண்டத்துக்கு வண்டியை விடுவார். கல்யாணம் நிற்கும். அடுத்த ஆறு மாதம் அந்த ஊர் டீக்கடையில் அவருக்கு டீ கிடைக்காது. எந்தத் திட்டத்தின் இலக்கிலும் இது வராது என்பதால் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு அனுப்பிவிடுவார்.

ஓய்வூதியம் வந்த மாதம் செட்டிகுளத்திலிருந்து அரை மூட்டை சின்ன வெங்காயம் அலுவலகத் திண்ணைக்கு வரும். வேண்டாம் என்றால் செல்லம்மாளுக்குக் கோபம் வரும். “காசா குடுத்தேன், வெங்காயந்தான சார்.” பொருள் நன்கொடைப் பதிவேட்டில் நாற்காலி ஏறும், தையல் மெஷின் ஏறும். வெங்காயத்துக்குத் தேய்மானம் எத்தனை சதவீதம் என்று தெரியாததால் அது ஏறாது. தணிக்கைக்கு வரும் ஆடிட்டர், நாற்காலி 25, பாய் 6 என்று குறித்துக்கொண்டே பேனர் மூலைக்கு வந்து, மூட்டையைப் பார்த்து நிற்பார்.

“இது எந்த ஹெட்ல வருது?”

சார் கூரையைப் பார்ப்பார். காபி டம்ளரோடு வரும் பொருளாளர்தான் பதில் சொல்வார். “உங்களுக்கு எடுத்து வச்சதுதாங்க சார்.”

ஆடிட்டர் கிளம்பும்போது வண்டியின் முன்கொக்கியில் ஐந்து கிலோ பை தொங்கும். பதிவேட்டில் ‘இருப்பு சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.